கூடுதலாக மூன்று குடம்

சாத்தூர் தாண்டி இருக்கும் ஏழாம் எண் விதைக் கூடத்து ஏ.சி.க்கு ஒரு நோயும் இல்லை என்று கண்டுபிடிக்கச் சர்வேஷ்வரனுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. நோய் இருந்திருந்தால் அரை மணியில் வேலை முடிந்து மதுரை பஸ்ஸில் ஏறியிருப்பார்.

அவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவன் கேஸ் குறைவு என்று சொல்லி, நிறைந்திருந்த கேஸின் மேலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். இரண்டாமவன் கம்ப்ரஸரை மாற்றச் சொல்லி எழுதியிருந்தான். ஒன்றும் புரியாத மெக்கானிக் கம்ப்ரஸரைத்தான் குறை சொல்வான். இருவரையும் மனதுக்குள் வைதுகொண்டே சர்வேஷ்வரன் கூடுதல் கேஸை இறக்கி அளவைச் சரி செய்தார். ஐம்பத்து நான்கு வயது, முப்பது வருஷத் தொழில். தன் கைராசியின் மேல் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

புகார் விநோதமானது. காலையில் ஏ.சி. சமர்த்தாக ஓடும். பன்னிரண்டு மணி தாண்டியதும் கூடத்தின் சூடு ஏறத் தொடங்கும். இருபத்தொன்பதில் நிற்க வேண்டியது முப்பத்திரண்டரை வரை போகும். நான்கு மணிக்குத் தானாகவே இறங்கிவிடும். வெளியே ஐம்பது டிகிரி அடிக்கிற வைகாசியில் இது சாதாரணம் என்று யாரும் நினைக்கலாம். ஆனால் கூடத்தின் சுவரும் கூரையும் ஒரு முழத் தடிமன். வெளி வெயில் உள்ளே எட்டிப் பார்க்கவே நாலைந்து மணி நேரம் ஆகும், நான்கு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் இறங்கவும் செய்யாது.

உள்ளே இருப்பது நெல். வெயில் இப்படி ஏறிய பிறகு ஐப்பசி முதல் தை வரை மட்டும்தான் அந்தப் பக்கத்து வயல்களில் நெல் விளைகிறது. அதற்கு வேண்டிய கலப்பு விதையை ஒவ்வொரு வருஷமும் புதிதாக எடுத்தாக வேண்டும். போன வருஷத்து நெல்லையே விதைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும். அதனால் கோடையில் கூடத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில், அடுக்கு அடுக்காகத் தட்டுகளில் விதை நெல் வளர்த்தார்கள். நான்கு தாலுகாவின் அடுத்த வருஷத்துச் சோறு அந்தத் தட்டுகளில் இருந்தது. பூக்கிற பன்னிரண்டு நாளும் சூடு முப்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மகரந்தம் செத்துக் கதிரெல்லாம் பதராகிவிடும். அன்றைக்குப் பூ வைத்து மூன்றாம் நாள்.

சர்வேஷ்வரன் எந்திர அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே போகும் காற்றுக்கும் திரும்பி வரும் காற்றுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தது. அதற்கு மேல் எந்த ஏ.சி.யும் செய்யாது. ஃபேன் சரியாகச் சுற்றியது. வெளியே இருந்த காயிலில் தூசி இல்லை. பிறகு ஃபில்டரைக் கழற்றினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஃபில்டரைக் கழுவுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் தொண்டை வறண்டவர் அவர். இந்த ஃபில்டர் அன்று காலையில் கழுவியதுபோல் ஈரமாக இருந்தது. இவ்வளவு சுத்தமான ஃபில்டரை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. சந்தேகம் அங்கேதான் பிடித்தது.

ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரை வாளி வைத்துப் பிடித்தார். தண்ணீர் மீட்டரின் பழைய கணக்கையும் எடுத்துப் பார்த்தார். செடிகளுக்கு ஒரு நாளைக்கு நானூறு லிட்டர் தண்ணீர் போகிறது. செடி அதைக் குடித்து இலை வழியாக ஈரமாக விடும். அந்த ஈரத்தை ஏ.சி. பிடித்து வடித்துத் தரும். செடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும் அல்லவா, ஆகவே வடிவது முன்பெல்லாம் முந்நூற்று எழுபதைத் தாண்டியதில்லை. இருபத்திரண்டு நாளாக நானூற்றுப் பத்து வடிகிறது. ஊற்றியதைவிட வடிவது அதிகம். தினமும் மூன்று குடம் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே போகிறது.

வெளிக் காற்று கசிந்து வருகிறதா? கரிசல் காட்டு வைகாசிக் காற்றில் ஒரு குடம் ஈரத்துக்குக்கூட வழியில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டே கரியமில வாயு சிலிண்டரைப் பார்த்தார். செடி வளர அந்த வாயு வேண்டும். கூடத்தில் குறைந்தால் வால்வு தானே திறந்து கொடுக்கும். இருபத்திரண்டு நாளாக மதிய வேளையில் வால்வு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. யாரோ செடிகளுக்கு ஓசியில் வாயு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வேஷ்வரன் விரல் விட்டு எண்ணினார். தண்ணீர், சூடு, வாயு. மூன்றையும் சேர்த்து விடுவது மூச்சு விடுகிற உடம்பு ஒன்றுதான். போனை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு ஆள் சும்மா கிடந்தால் எவ்வளவு சூடு, எவ்வளவு வியர்வை என்பது ஏ.சி. தொழிலில் அரிச்சுவடி. மூன்று வழியாகப் போட்டாலும் விடை எண்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவைத் திறக்காமல், ஒரு ஆளையும் பார்க்காமல், உள்ளே எண்பது பேர் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். தட்டிக்கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லாததுதான் குறை.

அந்தச் சந்தோஷத்திலேயே மதுரை இன்ஜினியருக்குப் போக வேண்டிய ஜாப் கார்டை, அதாவது வேலை அறிக்கையை, போனிலேயே எழுதினார். 'எந்திரத்தில் பழுதில்லை. செடி சாராத சுமை. தினம் நாற்பது லிட்டர் ஈரம், எட்டு கிலோவாட் சூடு. பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை கூடத்துக்குள் சுமார் எண்பது பேர் இருக்கிறார்கள்.' படித்துப் பார்த்து, 'சுமார்' என்பதை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். பிறகு அனுப்பு என்பதை அழுத்தினார். மணி ஒன்று பத்து. அந்த எண்பது பேர் யார் என்கிற கேள்வி அதற்கு அப்புறம்தான் அவருக்கு வந்தது.

முன்பக்கம் சுற்றி வந்து பேக்கிங் அறைக் கதவைத் தட்டினார். சிறிது நேரம் கழித்து ஷிப்டு பொறுப்பாளர் ஹரிணி கதவை ஒருக்களித்துத் திறந்தாள். நாற்பது வயதுக்காரி. காலையில் மோர் கொடுத்து வரவேற்றவள்தான். இப்போது ஒரு கையில் போனும் மறு கையில் கதவுமாக நின்றாள்.

"பூக்கிற நேரம்ணே. உள்ள யாரும் வரக் கூடாது. மகரந்தம் கலைஞ்சிரும்."

"எண்பது பேரு மூச்சு விட்டாக் கலையாதா தாயி?"

ஹரிணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

கூடத்துக்குள் இளஞ்சிவப்பு வெளிச்சம். மூன்று அடுக்குத் தட்டுகளில் நெற்கதிர்கள் தலை நீட்டி நின்றன. அடித் தட்டுகளுக்குக் கீழேயும் நடைபாதைகளிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள், கால் வீங்கிய கிழவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற பெண்கள். ஒருவர் காலில் ஒருவர் தலை படாமல், அளந்து போட்டதுபோல் கிடந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. ஒருவர்கூட ஒரு செடியைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. சர்வேஷ்வரன் எதை எதிர்பார்த்து வந்தாரோ, இதை எதிர்பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எல்லாம் மேட்டுக் காலனி சனங்க" என்று ஹரிணி தணிந்த குரலில் சொன்னாள். "ரெண்டு கிலோமீட்டரு. பதினொண்ணே காலுக்கு வீட்ட விட்டுக் கெளம்பி, வெயிலு உச்சிக்கு வாறதுக்குள்ள வந்துருவாக. தலைக்கு எண்ணெ வைக்கக் கூடாது, பவுடரு போடக் கூடாது, தின்பண்டம் கொண்டாரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பில்டர நாங்களே தெனம் கழுவிருவோம்."

"வீட்டுல ஏ.சி. இல்லையா?"

கேட்டதுமே அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வீடுகளுக்கு ஏ.சி. ஓடுகிற அளவு கரண்ட் கிடையாது. மின்விசிறிக்கும் ஒரு விளக்குக்கும்தான் வரும். மீதியெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் விதைக் கூடத்துக்கும். சட்டம் வந்தபோது நியாயம்தானே, விதை இல்லாவிட்டால் எதைத் தின்பது என்று டீக்கடையில் வாதாடியவர் அவர்.

"ஏ.சி. இருக்குண்ணே, சொவத்துல தொங்குது" என்றாள் ஹரிணி. "போன வருசம் இந்த மாசத்துல காலனியில ஏழு பேரு. எல்லாருமே ரெண்டு மணியில இருந்து நாலு மணிக்குள்ள. இந்த வருசம் இருவத்திரெண்டு நாளாச்சு, ஒரு சாவு இல்ல."

"குளிர் மண்டபம்னு ஒண்ணு தாலுகாவுக்குத் தாலுகா கட்டிருக்காகளே?"

"முந்நூறு பேருக்குத்தான் எடம். மாசத்துக்கு ஒருக்கத்தான் எங்க முறை வரும். ரொம்ப அவசரம்னா முந்தின நாளு ஆறு மணிக்குள்ள பதிஞ்சா ஒரு நாளைக்கு மட்டும் வண்டி அனுப்புவாக. அடிக்கடி கேட்டா அதுவும் கெடையாது."

மூன்றாவது வரிசையில் படுத்திருந்த ஒரு பெண் கையை ஆட்டி அவரைக் கூப்பிட்டாள். முகமும் கையும் ஊதியிருந்தன. பக்கத்தில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏ.சி. மெக்கானிக் அண்ணனா? இங்க வந்து உக்காருங்க. காத்து நேரா இங்கதான் எறங்குது. மொத நாளே பாத்துப் புடிச்ச எடம், டிக்கெட்டெல்லாம் கெடையாது" என்று கிசுகிசுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு காலை மடக்கி இடம் விட்டாள்.

"சுவாதி. ரெண்டு கிட்னியும் வெயிலுல போச்சு" என்றாள் ஹரிணி. "அது யோகேஷு, அவ வீட்டுக்காரரு. சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சுத் தள்ளிட்டே வருவாரு."

சர்வேஷ்வரன் உட்கார்ந்தார். காற்று நேராக அங்கேதான் இறங்கியது. இடம் பார்ப்பதில் அந்தப் பெண் மெக்கானிக்கை மிஞ்சியவள். அவர் பையில் இருந்த போன் கனப்பதுபோல் இருந்தது.

ஹரிணி எதிரே குந்தினாள். "கண்டுபிடிச்சிட்டீக. சரி. எழுதிட்டீகளா?"

எழுதிவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தார். சுவாதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோகேஷும் பார்த்தான். இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் காற்றை வாங்கிக்கொண்டு, அதை எப்படிச் சொல்வது?

"இல்ல தாயி. இன்னும் எழுதல" என்றார்.

ஹரிணி அவர் முகத்தைப் பார்த்தாள். "வேற வழி எதுவும் இருக்காண்ணே? நெல்லும் பதராகக் கூடாது. இவுகளும் வெளிய போகக் கூடாது."

வழி இருந்தது. தொழில் மூளை அந்த நிலையிலும் சும்மா இருக்கவில்லை. "இங்க விளக்கு எத்தன மணிக்கு எரிய ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"ஒம்பதுக்கு."

"அப்ப நெல்லுக்கு ஒம்பதுக்குத்தான் விடியுது. விடிஞ்சு நாலு மணி நேரம் கழிச்சுப் பூ விரியும், ஒரு மணிக்கு. சூடும் அந்நேரந்தான் ஏறுது. விடியுறத ஆறு மணிக்குக் கொண்டாந்துட்டா பத்து மணிக்கே பூ விரிஞ்சு, பன்னெண்டுக்குள்ள மூடிக்கிரும். மூடுனதுக்கப்புறம் ரெண்டு மூணு டிகிரி ஏறுனா நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரேயடியா மாத்தக் கூடாது, நாளுக்கு அர மணி நேரமா மாத்தணும். ஆறு நாளுல வேலை முடிஞ்சிரும்."

"அது ஏன் ஒம்பதுன்னு வச்சிருக்காக?"

"ஆபீசு தொறக்கிற நேரம். வேற ஒண்ணுமில்ல."

சுவாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நெல்லுக்கும் ஆபீசா!" என்று யோகேஷைக் கிள்ளினாள்.

"நான் இன்ஜினியர்கிட்டப் பேசி மாத்தித் தாரேன்" என்றார் சர்வேஷ்வரன். அந்தக் கணத்தில் அவர் அதை மெய்யாகவே நினைத்துத்தான் சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்தவர் தன்னை அறியாமல் தூங்கிவிட்டார். நான்கு மணிக்கு யோகேஷ் தோளைத் தொட்டு எழுப்பினான்.

பஸ் ஸ்டாப்பில் நின்று போனைப் பார்த்தபோது மதுரையிலிருந்து இன்ஜினியரின் செய்தி வந்திருந்தது. 'பிரமாதம். மூன்று பேர் வந்ததில் நீங்கள் ஒருவர்தான் மெக்கானிக்.' அதற்குக் கீழே ஜாப் கார்டு. அதன் ஓரத்தில் 'திரும்பப் பெறு' என்ற பொத்தான். மாலை ஆறு மணி வரை திரும்பப் பெறலாம். அரசாங்கச் சங்கதி எல்லாவற்றுக்கும் ஆறு மணிதான் கெடு.

அழுத்தியிருக்கலாம். அழுத்திவிட்டு, கணக்குத் தப்பு, விளக்கு நேரத்தை மாற்றினால் போதும் என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை படித்துவிட்ட இன்ஜினியர் ஏன் என்று கேட்பார். எண்பது பேர் என்று எழுதினீர்களே, அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார். அத்துமீறி நுழைந்தவர்களுக்கு உடந்தை என்றால் லைசென்ஸ் போய்விடும். இப்படியெல்லாம் அவர் யோசித்தது உண்மை. அதைவிட உண்மை ஒன்று இருந்தது. 'பிரமாதம்' என்ற சொல்லைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷத்தில் எந்த இன்ஜினியரும் அவருக்கு அப்படி எழுதியதில்லை.

பஸ் விருதுநகரைத் தாண்டும்போது மணி ஐந்தே முக்கால். இன்னும் கால் மணி இருக்கிறது என்று நினைத்தார். அப்புறம் பத்து நிமிஷம் இருக்கிறது என்று நினைத்தார். ஆறு மணிக்குப் பொத்தான் மறைந்தது. மறைந்ததும் அவருக்கு மூச்சு லேசாக வந்தது. இனி தன் கையில் ஒன்றும் இல்லை என்ற நிம்மதி. பின்னால் பல நாள் அவரை எழுப்பி உட்கார வைத்தது அந்த நிம்மதிதான்.

மறுநாள் அவர் திருமங்கலத்தில் ஒரு காளான் பண்ணையில் ஃபேன் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். காலையில் இன்ஜினியரைக் கூப்பிடுவது என்று தனக்குத் தானே சொல்லியிருந்தார். காலை பதினொன்றாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடலாம் என்று வைத்தார்.

ஏழாம் எண் கூடத்தின் பூட்டை மதுரையிலிருந்தபடியே மாற்றிவிட்டார்கள். யாரும் வந்து எதையும் கழற்றவில்லை, மாட்டவில்லை. பன்னிரண்டு மணி ஆனதும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இனி அது உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நான்கு மணிக்குத்தான் திறக்கும். பூக்கிற நாட்களுக்கான புது ஏற்பாடு என்று ஹரிணியின் போனில் ஒரு வரி வந்தது. மேட்டுக் காலனி சனம் அன்றைக்குக் கொஞ்சம் தாமதம். ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, அதற்காகக் காத்திருந்தார்களாம். பன்னிரண்டு பத்துக்கு எண்பத்து மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

ஹரிணி உள்ளேயிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கதவை அடித்தாள். குளிர் வெளியே போகாமல் இருப்பதற்காகச் செய்த கதவு, கம்பிக்கெல்லாம் மசியவில்லை. இன்ஜினியருக்குப் பத்துத் தடவை போன் போட்டாள். அவர் மீட்டிங்கில் இருந்தார். சனம் தகரக் கொட்டகை நிழலில் நாற்பது நிமிஷம் நின்று பார்த்தது. தகரம் அடுப்பாகக் காய்ந்தது. இங்கே நிற்பதைவிட வீட்டுக்குப் போய் ஃபேனுக்குக் கீழேயாவது கிடக்கலாம் என்று யாரோ சொல்ல, ஒரு மணிக்குக் கிளம்பித் திரும்ப நடந்தார்கள்.

சுவாதி பாதி வழியில் சைக்கிள் கேரியரிலேயே சாய்ந்துவிட்டாள். விக்னேஷ் என்ற எழுபத்தைந்து வயதுப் பெரியவர் வீடு வரை நடந்து போய், தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். அன்றைய மாவட்டச் செய்தியில் 'மேட்டுக் காலனியில் வெப்ப மரணம் இரண்டு' என்று ஒரு வரி வந்தது. அதே செய்தியில் விதைக் கூடங்கள் அனைத்தும் பாதுகாப்பாக இருப்பதாகவும் சொன்னார்கள்.

சர்வேஷ்வரன் அந்த ஒரு வரியைத்தான் முதலில் பார்த்தார். ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு யார் யார் என்று விசாரித்தார். தெரிந்துகொண்டதும் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் போனார். எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் அடித் தட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. உடன் இருக்கிறவர்கள் அண்ணே என்ன தேடுறீங்க என்று கேட்டால், ஸ்பேனர் என்பார்.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு அவர் ஏழாம் எண் கூடத்து வாசலில் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஏ.சி.க்கு ஒரு குறையும் இல்லை.

ஹரிணி பேக்கிங் அறையில் தனியாக உட்கார்ந்து சாக்குகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"வாங்கண்ணே. கதிரு பாக்குறீகளா? பால் ஏறிருச்சு. மொத மூணு நாளு பூத்தது போக, ஒரு மணி பதரில்ல."

"கதிரு கெடக்கட்டும் தாயி. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே பேசினார். "அன்னைக்கு நீ எழுதிட்டீகளான்னு கேட்ட. இல்லைன்னேன். பொய். எழுதி அனுப்பிட்டுத்தான் உள்ள வந்தேன். கதவு பூட்டுனதுக்குக் காரணம் நான்தான்."

"தெரியும்ணே" என்றாள் ஹரிணி.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. ஜாப் கார்டு போனா ஷிப்டு பொறுப்புல இருக்கிறவகளுக்கும் ஒரு நகலு வரும். நீங்க கதவத் தட்டும்போது நான் அதத்தான் படிச்சிட்டு இருந்தேன். படிச்சிட்டுத்தான் கதவத் தொறந்தேன்."

சர்வேஷ்வரன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையில் போனோடு அவள் நின்றது இப்போது கண்ணில் தெரிந்தது. "பின்ன ஏன் தாயி என்கிட்டக் கேட்ட?"

"என்ன சொல்லுவீகன்னு பாக்கத்தான்." அவள் பேனாவை மூடி வைத்தாள். "எழுதிட்டேன்னு சொல்லிருந்தீகன்னா அப்பவே மண்டபத்து வண்டிக்கு அவசரம்னு பதிஞ்சிருப்பேன். எண்பத்து மூணு பேருக்கும். நீங்க இல்லைன்னீக. சொல்லும்போது உங்க மொகத்தப் பாத்தேன். உங்க பொய்ய நான் நம்பலண்ணே. உங்க வெக்கத்த நம்புனேன். இம்புட்டு வெக்கப்படுற மனுசன் வெளிய போனதும் மொத வேலையா அந்தக் கார்டத் திரும்ப வாங்கிருவாருன்னு நெனச்சேன். வெளக்கு நேரத்த மாத்துறதுக்கு வழி வேற சொன்னீக. அவசர வண்டிய இப்பவே கேட்டுத் தீத்துட்டா, பின்னால நெசமாவே தேவைப்படும்போது தர மாட்டானே, இருக்கட்டும்னு வச்சேன். ஆறு மணி வரைக்கும் போனையே பாத்துட்டு இருந்தேன்."

"ஆறு மணிக்கு?"

"ஆறு மணிக்கு வண்டிப் பதிவும் மூடிருச்சு." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "காலையிலயாவது வர வேண்டாம்னு ஆள் அனுப்பிச் சொல்லிருக்கணும். சொல்லல. பத்து மணி வரைக்கும் ஒண்ணும் நடக்கல, சரி, போன்ல பேசிச் சரி பண்ணிட்டாரு போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடைசியில கதவுல இருக்கிற சின்னக் கண்ணாடி வழியா நின்னு பாத்தேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கார்டை அனுப்பியதுதான் தன் குற்றம் என்று பன்னிரண்டு நாளாக அவர் சுமந்திருந்தார். தெரியாமல் செய்தது என்று அதற்கு ஒரு ஓரத்தில் சமாதானமும் வைத்திருந்தார். அந்தப் பொய்யை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை. சங்கடத்துக்குச் சொன்ன ஒரு சொல். அதற்குச் சமாதானம் ஒன்றும் அவரிடம் இல்லை.

"காலனியில யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எதுண்ணே? நீங்க எழுதுனதா, நான் படிச்சதா? ரெண்டும் யாருக்கும் தெரியாது. பூட்டுனது மதுரைக்காரன்னுதான் எல்லாரும் வைறாக." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "யோகேஷண்ணன இங்கயே வேலைக்குச் சேத்துவிட்டிருக்கேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான். ஒம்பதுக்கு வந்துருவாரு. தெனம் என்கிட்ட, நீ எவ்வளவோ பண்ணுன தாயின்னு சொல்லிட்டுத்தான் உள்ள போறாரு. அதக் கேட்டுட்டு இருக்க என்னால ஆகலண்ணே. இன்னைக்கு அவர்கிட்டச் சொல்லிருவோம். நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

சர்வேஷ்வரன் பதில் சொல்வதற்குள் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. யோகேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, வாங்கண்ணே! எப்ப வந்தீக? அன்னைக்கு வீட்டுக்குப் போயும் சுவாதி உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருந்தா. நெல்லுக்கு ஆபீசு நேரம்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நல்ல மனுசன், நம்மள எழுதாம விட்டாரு பாத்தீகளான்னா."

ஹரிணி குனிந்து சாக்கைப் பார்த்தாள். கூடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"உக்காருப்பா" என்று எழுந்து தன் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினார் சர்வேஷ்வரன். "நான் எழுதிட்டேன்."